சித்தப்பாவுக்கான சம்மதம்

அப்பா பேனையை எடுத்து, சம்மதத் தாளில் இருந்த சித்தப்பாவின் பெயரை ஒரே கோட்டில் வெட்டினார்.

வெட்டிய பெயருக்கு மேலே, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிறுத்தி நிறுத்தி, யோகநாதன் என்று எழுதினார். அது அவருடைய சொந்தப் பெயர்.

எனக்கு அலுப்பாக இருந்தது. காலையிலிருந்து இதே குழப்பம்தான்.

நான் மோர்மன் என்ற கிறிஸ்தவச் சபையில் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. அப்பா இன்றைக்கும் வெள்ளிக்கிழமை தவறாமல் இங்கே நொய்கெல்னில் உள்ள முருகன் கோயிலுக்குப் போகிறவர். என்னை அவர் தடுக்கவில்லை. சபை விதிப்படி நான் தேத்தண்ணியை விட்டதை மட்டும் அவரால் மன்னிக்க முடியவில்லை.

எங்கள் சபையில் குடும்பம் சாவோடு முடிவதில்லை. அதனால்தான் முன்னோரைத் தேடித் தேடிப் பதிகிறோம். வாய்ப்புக் கிடைக்காமல் இறந்தவர்களுக்காக, உயிரோடிருக்கும் ஒருவர் ஆலயத்தில் தண்ணீருக்குள் இறங்கி ஞானஸ்நானம் பெறுவார். ஏற்பதும் விடுவதும் இறந்தவர் விருப்பம்.

இந்தச் சனிக்கிழமை ஃப்ரைபெர்க் ஆலயத்தில், சித்தப்பா சுகிர்தனுக்காக நான் இறங்கவிருந்தேன். தொண்ணூறாம் ஆண்டு, பதினெட்டு வயதில், யாழ்ப்பாணத்தில் ஷெல் விழுந்து செத்துப்போனவர். அவ்வளவு பழைய ஆள் இல்லை என்பதால் நெருங்கிய உறவின் சம்மதம் வேண்டும். கூடப்பிறந்தவர் அப்பா ஒருவர்தான். பெயர்களைச் சரிபார்க்கும் யூலியா, சம்மதத்தை எழுத்திலேயே வாங்கிவரச் சொல்லியிருந்தாள்.

எங்கள் குடும்பத்தில் பெயர் வாங்குவது பல்லுப் பிடுங்குகிற வேலை. எல்லாரும் பெரியப்பா, மாமி, குஞ்சியம்மாதான். அம்மாவே அப்பாவைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை, 'இஞ்சேருங்கோ'தான். இஞ்சேருங்கோ, பிறந்த இடம் கோப்பாய் என்று பதிய முடியுமா?

அப்பாவும் காலை முழுக்கக் கேள்வி கேட்டார். அங்கே பெயரைச் சத்தமாக வாசிப்பார்களா? வாசிப்பார்கள் என்றேன். உயிரோடிருக்கிற ஆளுக்குச் செய்யலாமா? கூடாது, அது பெரிய பிழை என்றேன். பெயர் மாறிப்போனால் யாருக்குப் போய்ச் சேரும்? அது எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் பேனையைக் கேட்டார்.

"அப்பா, இது செத்த ஆளின்ர பேர் எழுதுற இடம். உங்கட பேர் கீழ வரும்."

"தெரியும். செத்தது யோகநாதன் அண்ணைதான்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. யோகநாதன் சாரம் கட்டிக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்திருந்தார். போன மாதம்தான் அவருடைய பிறந்தநாளுக்குக் கேக் வெட்டினோம்.

அவர் மேசையைப் பார்த்தபடி சொன்னார். பாஸ்போர்ட் அண்ணனுக்கு எடுத்தது. பயணத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது ஷெல் விழுந்தது. அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே முகவெட்டு. சாவைப் பதிந்தால் பாஸ்போர்ட் வீணாகிவிடும் என்று வீட்டில் பதியாமல் விட்டார்கள். அண்ணனின் பெயரில் தம்பியை விமானம் ஏற்றினார்கள். இங்கே ஜெர்மன் அகதி விசாரணையில், செத்தது தம்பி என்று சொன்னார். குடியுரிமை போய்விடும் என்ற பயத்தில் எங்களுக்கும் அதையே சொன்னார். அம்மாவுக்கும்கூட.

"கடதாசியில அண்ணை இன்னும் உயிரோட இருக்கிறார். அதால அவருக்கு ஒருத்தரும் ஒண்டும் செய்யேல்ல. ஒரு திவசம்கூட இல்லை. நீயாவது அவரைக் கூப்பிடு, தாரகன்."

எனக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. எது முதலில் வந்தது என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. நான் பார்த்தேயிராத ஒரு பெரியப்பா திடீரென்று செத்துப்போயிருந்தார். செத்துப்போனதாக நான் நம்பியிருந்த சித்தப்பா எதிரில் இருந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

யூலியாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இருந்தாலும் எழுந்துபோய்ப் புதிதாக ஒரு தாளை அச்செடுத்து வந்தேன். இறந்தவர், யோகநாதன். சம்மதம் தருபவர், அவருடைய தம்பி சுகிர்தன். அதன் கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

அப்பா பேனையின் முனையைக் கோட்டில் வைத்தார். வைத்தபடியே இருந்தார். மை ஒரு புள்ளியாக ஊறியது.

பிறகு நிமிர்ந்து, அந்தப் பெயருக்குத் தன்னிடம் கையெழுத்து இல்லையே என்றார்.