வாடை வருதா?

டிரம்மின் மூடியைக் கழற்றிய அடைக்கலம், உள்ளே கிடந்த பழைய கரியை அள்ளக் கையில் எடுத்தது, ஐந்நூறு பேருக்குச் சாம்பார் கலக்கிய கரண்டியை.

"இனிமே இது இந்த வேலைக்குத்தான் லாயக்கு" என்றார்.

சொர்ணவல்லி புருஷனையும் பார்க்கவில்லை, கரண்டியையும் பார்க்கவில்லை.

கிணற்றுத் தண்ணீரைச் சுத்தம் பண்ணும் டிரம் அது. உள்ளே பாதிக்குக் கரி. அடுப்புக்கரி இல்லை, குறுமிளகு மாதிரி உடைத்து மூட்டையாக விற்கும் பில்டர் கரி. அவர்கள் கிணற்றில் அழுகின முட்டை வாடை வரும். அந்த வாடையைக் கரிதான் குடிக்கும். குடித்துக் குடித்து ஒருநாள் அதற்கும் போதுமென்று ஆகிவிடும். அப்போது மாற்ற வேண்டும்.

எப்போது என்று மூக்குதான் சொல்ல வேண்டும். அதுதான் அடைக்கலத்துக்கு இல்லை.

மூக்கு இருக்கிறது, நல்ல எடுப்பான மூக்கு. இரண்டு வருடத்துக்கு முன் வந்த காய்ச்சல் வாசனையை மட்டும் உருவிக்கொண்டு போய்விட்டது. குளத்தூர் சுற்றுவட்டாரத்தில் சமையலுக்கு அவரைக் கேட்டுவிட்டுத்தான் கல்யாணத் தேதியே குறிப்பார்கள். வாசலில் நின்றபடியே ரசத்துக்குப் பெருங்காயம் பத்தவில்லை என்பார். அப்படிப்பட்ட மனிதர், காய்ச்சலுக்குப் பிறகு போன முதல் கல்யாணத்தில், அடிப்பிடித்த பாயசத்தைப் பந்திக்கு அனுப்பிவிட்டார். அன்றைக்குப் பரணில் ஏறிய கரண்டி இன்றைக்குத்தான் இறங்கியிருக்கிறது.

தினமும் கிராம்பு, எலுமிச்சை என்று எதையாவது முகர்ந்து பழகச் சொன்னார் டாக்டர். பத்து நாள் முகர்ந்தார். பதினோராம் நாள், "என்னை என்ன பச்சப்புள்ளைன்னு நெனச்சியா?" என்று கிராம்பு டப்பாவைக் கொல்லையில் வீசினார். சொர்ணவல்லி பொறுக்கிக்கொண்டு வந்து குழம்பில் போட்டாள்.

அதற்குப் பிறகு அவர் எதையும் முகர்ந்து பார்க்கவில்லை.

காலையில் அவள் நீட்டும் சொம்புத் தண்ணீரைக் குடிப்பார். குடித்து முடிக்கும்வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். பரிதாபப்படுகிறாள் என்று அவருக்கு எரிச்சலாக வரும். "தண்ணி வாடை வருதா?" என்று கேட்பார். "இல்லைங்க, நல்லாத்தான் இருக்கு" என்று அவளும் ஒரு மடக்கு குடித்துக் காட்டுவாள். ஆடியில் வாங்கி வைத்த புதுக் கரி மூட்டை தை மாதம் வந்தும் கட்டு அவிழாமல் கிடந்தது.

இன்று குழாயில் தண்ணீர் நூலாக இறங்கியது. அதனால்தான் டிரம்மைத் திறந்தார்.

டிரம்முக்குள் நிற்கும் நடுக்குழாயின் வாயில் கரி விழாமல் துணியை அடைத்துவிட்டு, கரண்டியை ஆழமாகக் குத்தி அள்ளினார். கரி முகத்துக்கு நேரே வந்ததும் மூஞ்சியைச் சுளித்தார்.

"சீ! என்ன புள்ள இது, இப்புடி நாறுது?"

சொன்னவர் அப்படியே நின்றுவிட்டார்.

கரண்டியை மறுபடி மூக்கருகே கொண்டுபோனார். மறுபடி சுளித்தார். மறுபடி இழுத்தார். அழுகின முட்டை வாடையை அவ்வளவு ஆசையாக யாரும் இழுத்திருக்க மாட்டார்கள். அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவளுக்கும்தான்.

அப்புறம்தான் சமையல்காரப் புத்தி வேலை செய்தது. "இது இன்னிக்கி நேத்து வந்த நாத்தம் இல்லியே. எம்புட்டு நாளா?"

"ஆடியிலருந்து."

"பெறகு ஏன் தெனமும் இல்லேன்னு சொன்ன?"

"நீங்களாச் சொல்லட்டும்னுதான்."

அவர் கையிலிருந்த கரண்டியைச் சொர்ணவல்லி வாங்கிக்கொண்டாள். புளி போட்டுத் தேய்க்கக் கிணற்றடிக்கு நடக்கும்போது முந்தானையால் மூக்கை இறுகப் பொத்திக்கொண்டாள். இந்த ஆறு மாதத்தில் அவர் எதிரே அவள் அப்படிச் செய்வது இதுதான் முதல் தடவை.