பத்தாவது ஊர்

"கொச்சியும் வேண்டாம்" என்று ஹம்சா பென்சிலால் ஒரு கோடு இழுத்தாள். அத்தோடு ஒன்பது ஊர்கள் ஒழிந்தன.

கோட்டூர்புரத்து அடுக்ககத்தின் சாப்பாட்டு மேஜையில் வரைபடம் விரிந்து கிடந்தது. எதிரே அவள் கணவன் ஸ்ரீநாத் மடிக்கணினியில் ஆபீஸ் விண்ணப்பத்தைத் திறந்து வைத்திருந்தான். எந்த ஊரிலிருந்தும் வேலை பார்க்கலாம். ஊர்ப் பெயரை மட்டும் இன்று மாலை ஐந்துக்குள் எழுதிவிட வேண்டும். தவறினால் திங்கட்கிழமையிலிருந்து பழையபடி ஆபீஸ், பழையபடி சென்னை.

ஹம்சா ஓவியம் வரைகிறவள். ஒரு வருடமாக ஒரு கோடுகூட வரவில்லை. கலைஞர்கள் கூடி வாழ்கிற ஓர் ஊருக்குப் போனால்தான் இனி தூரிகையைத் தொட முடியும் என்று நம்பினாள். வேறு நம்பிக்கை அவளிடம் மிச்சமில்லை.

"புதுச்சேரியை ஏன் அடிச்சே, அதுக்கு என்ன குறைச்சல்?"

"அங்க வரையறவாளைவிட அவாளைப் போட்டோ எடுக்க வர்றவா ஜாஸ்தி, ஸ்ரீ."

"மகாபலிபுரம்?"

"எல்லாம் விக்கறதுக்கு."

அழைப்பு மணி அடித்தது. அசோசியேஷன் செயலாளர் கஸ்தூரிரங்கன் அட்டையில் செருகிய காகிதங்களோடு நின்றார். "நம்ம பில்டிங் விஷயமா ஒரு பெட்டிஷன். எல்லாரும் போட்டாச்சு, நீங்க ரெண்டு பேர்தான் பாக்கி."

சமையல்கார தேவானை வழக்கம்போல அவருக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தாள். ஸ்ரீநாத் கையெழுத்துப் போட்டான். ஹம்சா வரைபடத்திலிருந்து கண்ணை எடுக்காமலே போட்டாள். அசோசியேஷன் காகிதத்தைப் படிக்கிற வழக்கம் அந்தக் கட்டடத்தில் யாருக்கும் கிடையாது. படித்தால் கேள்வி வரும், கேள்வி கேட்டவரைக் கமிட்டியில் சேர்த்துவிடுவார்கள்.

அவர் போனதும் தேவானை சமையலறைக்குத் திரும்பிக் கொத்தமல்லி ஆய்ந்தாள். காது மட்டும் கூடத்திலேயே இருந்தது. இவர்கள் ஊரைவிட்டுப் போனால் அவளுக்குப் பிழைப்பு இல்லை. ஒரு வருடமாக இரண்டு பஸ் மாறி வருவதில் நேரம் தவறித் தவறி, மற்ற இரண்டு வீடுகளும் ஏற்கெனவே கைவிட்டுப் போயிருந்தன. எங்கிருந்து வருகிறாய் என்று இந்த வீட்டிலும் யாரும் கேட்டதில்லை. ஏன் லேட் என்றுதான் கேட்டார்கள்.

"பால்கனிக் கதவைத் திற ஸ்ரீ, காத்தாவது வரட்டும்."

அவன் திறந்தான். போன வருஷம் வரை சத்தத்துக்கும் கொசுவுக்கும் பயந்து சாத்தியே கிடந்த கதவு அது. இப்போது அடையாற்றுக் காற்று தாராளமாக வந்தது. மணி நாலே முக்கால்.

"இன்னா மாரி ஊரும்மா வோணும் உங்களுக்கு?" தேவானை வாசல்படியில் வந்து நின்று கேட்டாள்.

ஸ்ரீநாத் சிரித்தான். ஹம்சா சிரிக்கவில்லை.

"சுவரெல்லாம் படம் வரைஞ்சிருக்கணும். சாயங்காலமானா யாராவது பாடணும், வாசிக்கணும். பக்கத்துல தண்ணி இருக்கணும். யார் வீட்டுக்குள்ளயும் யார் வேணா சட்டுனு போகணும். அப்படி ஒரு இடம் இந்த நாட்டுலயே கிடையாது, தேவானை."

ஆமாம்மா என்று சொல்லிவிட்டு உள்ளே போயிருந்தால் அவள் வேலை தப்பியிருக்கும். ஆனால் கிடையாது என்ற வார்த்தை அவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் கெடையாது? எனக்குத் தெரியும்மா அப்டி ஒரு எடம். எங்க வூட்டுக்காரு கோடம்பாக்கத்துல சினிமா செட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறாரில்ல? செட்டு பிரிச்சா மிச்ச பெயிண்ட்ட எடுத்தாந்து தெருவு பூரா செவுத்துல வரைவாரு. ஒரு வூட்ல அரமனை, ஒரு வூட்ல பனிமலை. எங்க வூட்ல கப்பலு."

ஹம்சா பென்சிலைக் கீழே வைத்தாள்.

"கலீமுல்லா பாய்னு ஒருத்தரு, பேண்டு செட்டுல கிளாரினெட்டு. கல்யாண ஆர்டர் இல்லாத நாள்ல தண்ணியாண்ட குந்திக்கினு வாசிப்பாரு. பசங்கோ பானையத் தட்டிக்கினு கானா பாடுவானுங்கோ. எவ வூட்டு மீன் கொழம்பு வாசன வருதோ, நேரா அவ அடுப்பாண்ட போய் ஊத்திக்கினு வந்துருவோம். கதவ யாரு சாத்துனா?"

ஹம்சாவின் கண் நிறைந்துவிட்டது. வைத்த பென்சிலை மறுபடி எடுத்திருந்தாள். ஒரு வருடமாக மரத்துப் போயிருந்த கை, வரைபடத்தின் ஓரத்தில் ஒரு சின்னக் கப்பலை வரைந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்து ஸ்ரீநாத் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தான்.

"போதும், இதுதான் நம்ம ஊர்" என்றான். "நீயும் எங்களோடயே வந்துடு தேவானை, உனக்கும் வேலை போகாது. மணி ஆயிண்டிருக்கு. பேரைச் சொல்லு, அடிச்சுடறேன்."

அவன் விரல்கள் தயாராக இருந்தன. தேவானை கையைத் துடைத்துக்கொண்டு பால்கனியைக் காட்டினாள்.

"அங்க போய்க் கீழ பாரும்மா."

ஹம்சா ஓடினாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். கீழே ஆற்றங்கரை முழுக்கச் சமன்படுத்திய மண், அதைச் சுற்றிக் கம்பிவேலி. மண்ணில் பாதி புதைந்து, நீலப் பெயிண்ட் ஒட்டிய ஒரு சுவர்த்துண்டு கிடந்தது.

"இங்க ஒண்ணுமே இல்லையே!"

"போன வருசம் இடிக்கச் சொல்லி எங்களாண்ட காட்டுன பேப்பர்ல உங்க கையெழுத்தும் இருந்துச்சிம்மா."