இரண்டு தீவுகளிலும் ஆள் உண்டு

ஆள் குடியில்லாத தீவு நாட்டின் வரைபடத்தில் இருக்காது. அதைச் சுற்றியுள்ள மீன்பிடிக் கடலும் அயல்நாட்டுக்குப் போய்விடும். அதனால்தான் பிலோமினா ஒரு தீவிலும், அவள் கணவன் ஞானப்பிரகாசம் எதிர்த் தீவிலும் குடியிருந்தார்கள். பொழுதுபட்டதும் ஒருவருக்கொருவர் விளக்கை உயர்த்திக் காட்டுவார்கள். பிறகு, உடற்சூட்டை வைத்து ஆளெண்ணும் ட்ரோன் வந்துபோகும்.

அன்று எதிர்த் தீவில் விளக்குத் தெரியவில்லை. எண்ணி முடிக்குமுன் கரையை விட்டால் இவள் தீவு போய்விடும். படகுக் கயிற்றைப் பிடித்தபடியே நின்றாள். ட்ரோன் கடந்தது. கைபேசியில் செய்தி வந்தது: “இரண்டு தீவுகளிலும் ஆள் உண்டு.”

“அப்பாடா, மனுசன் அயர்ந்து நித்திரையாக்கும்.”

அவனுக்குப் பிடித்த மீன் சொதியை அவசரமில்லாமல் ஆறுதலாக வைத்து, எடுத்துக்கொண்டுதான் படகேறினாள்.

ஏற்றாத விளக்கருகே ஞானப்பிரகாசம் கிடந்தான். நெஞ்சில் கை வைத்தாள். துடிப்பு இல்லை, சூடு மட்டும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

விடிந்ததும் ஆளெண்ணும் அலுவலகத்துக்குச் சொன்னாள்.

“கவலையா இருக்கு அக்கா. பின்னேரம் எண்ண முந்தி உங்கட தீவுக்குத் திரும்பிப் போங்கோ” என்றான் அதிகாரி.

“என்ர தீவை வரைபடத்தில இருந்து வெட்டிவிடுங்கோ தம்பி. கலியாணம் கட்டின நாளுக்குப் பிறகு, இப்பதான் நானும் அவரும் ஒரே தீவில குடியிருக்கிறம்.”