வெள்ளரி என்றால் சாதா

எல்லாக் கிளாஸிலும் வெள்ளரித் துண்டு மிதந்தது.

மொட்டை மாடிக்குப் படியேறி வந்த அக்காக்காரி, தட்டைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

காலையில் அவள் போட்ட திட்டம் ரொம்பச் சுலபமானது. பெரிய கண்ணாடி ஜாடி இரண்டு. ஒன்றில் புதினா, சோடா, எலுமிச்சைச் சாறு. இன்னொன்றிலும் அதே புதினா, அதே சோடா, அதே சாறுதான்; கூடவே கணவரின் ஆபீஸ்காரர்களுக்காகக் கொஞ்சம் ஜின். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அதற்காகத்தான் அடையாளம். வெள்ளரி மிதந்தால் சாதா, எலுமிச்சை வட்டம் மிதந்தால் மற்றது.

வீட்டு மனிதர்கள் எல்லோருக்கும் இதைச் சொல்லியிருந்தாள். நாத்தனாருக்கு மட்டும் இரண்டு தடவை.

நாத்தனாருக்குப் போன் சொல்வதுதான் வேதவாக்கு. இந்தக் கோடையில் யாரும் கனமாகச் சாப்பிடுவதில்லையாம், எல்லாமே லைட்டாம். அதனால் பொரித்த வகையறா அத்தனையையும் ஒழித்துக்கட்டிவிட்டு, தர்பூசணியைக் கட்டம் கட்டமாக வெட்டி மேலே சீஸ் தூவியிருந்தாள். பிரெட் துண்டுகளில் அவகாடோவை மசித்துப் பூசியிருந்தாள். விருந்தாளிகள் நாகரிகமாக மென்றபடி, உருப்படியாக ஏதாவது வருமா என்று படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“போட்டோவுல எல்லாம் ஒரே மாதிரி இருந்தாத்தானே அண்ணி அழகு! எலுமிச்சையை எல்லாம் எடுத்துட்டேன்” என்றாள் நாத்தனார், பெருமை பிடிபடாமல்.

எந்தக் கிளாஸ் எந்த ஜாடியிலிருந்து வந்தது என்று கேட்டதற்கு, அவளுக்கே நினைவில்லை.

திட்டுவதற்கு நேரமில்லை. தம்பியின் கையிலும் ஒரு கிளாஸ் இருந்தது. அதில் பாதி காலி.

தம்பி குடியை விட்டுப் பதினோரு மாதம் ஆகிறது. நாலு பேர் கூடுகிற இடத்துக்கு அவன் வருவது இதுதான் முதல் தடவை. வரமாட்டேன் என்று அடம்பிடித்தவனைக் கெஞ்சிக் கூத்தாடி வரவழைத்தவள் அவள்தான். யாரும் என்னை நோட்டம் விடக் கூடாது, அது ஒன்றுதான் வேண்டும் என்று அவன் கேட்டிருந்தான். சத்தியம் செய்யாத குறையாகச் சரி என்றிருந்தாள்.

ஒரு வாய் உள்ளே போனாலும் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று டாக்டர் சொன்னது இப்போது காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது.

போய்க் கேட்கலாம். கேட்டால், உன்னை நம்பவில்லை என்று அத்தனை பேர் முன்னால் சொன்னது போலாகும். கேட்காமல் எப்படி இருப்பது?

தட்டை எடுத்தாள், வைத்தாள். குடையின் நிழலில் கிடந்த நாற்காலிகளைச் சும்மாவேனும் நகர்த்திப் போட்டாள். தம்பி யாரோ சொன்ன ஜோக்குக்குச் சிரித்தான். சிரிப்பு கொஞ்சம் சத்தமாக இருக்கிறதோ? கண் சிவந்திருக்கிறதே? வெயிலாக இருக்கும். வெயிலாகவே இருக்கட்டும்.

அதற்குள் சித்தி அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, எப்படி இருக்கிறது பார்க்கலாம் என்று அவன் கிளாஸை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டுக் கொடுத்தாள். சித்தி எப்போதுமே அப்படித்தான், அடுத்தவர் தட்டில் கை வைக்காவிட்டால் அவளுக்குச் சாப்பிட்டது போலவே இருக்காது. கொஞ்ச நேரத்தில் கணவர் வந்தார். தன்னுடையது என்று நினைத்து அதே கிளாஸை எடுத்துக் குடித்துவிட்டு, அசடு வழியத் திருப்பி வைத்தார். டீக்கும் காபிக்கும் வித்தியாசம் தெரியாத மனுஷன். அவர் குடித்து என்ன, குடிக்காமல் என்ன.

இனிமேல் பொறுக்க முடியவில்லை. விறுவிறுவென்று தம்பியிடம் போனாள்.

“ஐஸ் கரைஞ்சு போச்சு பாரு. குடு, வேற கொண்டு வரேன்.”

அவன் கொடுத்துவிட்டான்.

படிகளில் கிட்டத்தட்ட ஓடியே இறங்கினாள். சமையலறைக்குள் நுழைந்து, கதவுக்கு முதுகைக் காட்டி நின்று ஒரு வாய் குடித்தாள். புதினா. சோடா. எலுமிச்சை. நம்பிக்கை வராமல் இன்னொரு வாய். கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துப் பார்த்தாள். வேறொன்றும் இல்லை. சாதாதான்.

போன உயிர் திரும்பி வந்தது. மேடையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அழுகை வந்தது, கூடவே நாத்தனாரை நினைத்துச் சிரிப்பும் வந்தது.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. தம்பி வாசலில் நின்றிருந்தான். அவள் கையில் இருந்த காலிக் கிளாஸைப் பார்த்தான்.

“எல்லாத்துலயும் வெள்ளரி கிடந்துச்சு. எதுக்கு வம்புன்னு நான் வாயே வைக்கலைக்கா, சும்மா கையில வச்சுக்கிட்டு இருந்தேன். முதல்ல உன் நாத்தனார், அப்புறம் சித்தி, மாமா, இப்ப நீ. நீங்கதான் மாத்தி மாத்திக் குடிச்சீங்க. எனக்குக் கொஞ்சம் தண்ணி குடு, தொண்டை காயுது.”

அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பிரிட்ஜைத் திறந்து, பாட்டிலை எடுத்து, ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள்.

வாங்கி உதடு வரைக்கும் கொண்டுபோனவன், நிறுத்தி, டம்ளரை அவள் பக்கம் நீட்டினான்.