காணாமற்போன ஒட்டகச்சிவிங்கி

ஒட்டகச்சிவிங்கியைக் காணவில்லை.

மகளின் அறைச் சுவரில், பொம்மைப் பலகையின் கீழ்த்தட்டில், அதன் கோடு இருந்தது. நீண்ட கழுத்து, நான்கு கால், தலை என எல்லாம் கறுப்பு வண்ணத்தில் வார்த்தாற்போல் நின்றன. பொம்மை மட்டும் இல்லை. ஃபோர்மேனின் புருவம் நெரிந்தது.

பட்டறையில் சுத்தியலுக்கும் குறட்டுக்கும் அவர் கண்ட வழி இது. கருவியைப் பலகையில் வைத்துச் சுற்றிலும் கோடு இழுத்துவிட்டால், எது எங்கே போகவேண்டும் என்பதைப் பலகையே சொல்லும். எது திரும்பி வரவில்லை என்பதையும் பலகையே காட்டிக்கொடுக்கும். "சார் எதிர்ல ரொம்ப நேரம் நிக்காதீங்கடா, நம்மளச் சுத்தியும் கோடு போட்டுருவாரு" என்று தொழிலாளர்கள் சிரிப்பார்கள்.

அந்த இலக்கணப்படியே மகளின் அறையையும் அமைத்திருந்தார். குப்பை ஒளிய இடமில்லாமல் தரையோடு ஒட்டிய கட்டில். எட்டு வயதுக் கைக்கு எட்டும் கொக்கிகள். சுவர் நெடுகப் பலகை. கடையிலிருந்து வந்த அன்றே, ஒரு கீறல் விழுமுன், ஒவ்வொரு பொம்மைக்கும் கோடு விழுந்துவிடும். எத்தனை வாங்கினோம், எதை வாங்கினோம் என்று அவர் நினைவில் வைப்பதில்லை. பலகை இருக்க நினைவு எதற்கு?

"எடு, விளையாடு, திருப்பி வை." அறையின் சட்டம் அவ்வளவுதான். மகள் அதை மீறியதே இல்லை. அப்படியானால் மீறியவர் யார்?

கூடத்தில், பட்டறையைப் பெருக்கும் அம்மாள் தம் மகளுக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். சிறுமியர் இருவரும் ஒரே வகுப்பு. மாலை விளையாட்டெல்லாம் இங்கேதான். 'உழைப்பவரெல்லாம் ஒரே குடும்பம்' என்று சங்க மேடையில் முழங்கியவரல்லவா ஃபோர்மேன்? சொன்ன சொல்லுக்காக வாசலைத் திறந்துவைத்திருந்தார். இன்று, திறந்துவைத்ததை எண்ணித் தமக்குள் வெட்கப்பட்டார்.

"ஏம்மா, கொஞ்சம் நில்லு. பொண்ணோட பையைத் தெற."

"எதுக்கு சார்?"

"உள்ள ஒரு சாமான் குறையுது."

அம்மாளின் முகத்தில் இரத்தம் ஏறி வடிந்தது. எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"எம் பொண்ணு கை நீட்டுறவ இல்ல சார். நீங்களே பாத்துக்குங்க." பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். பாடப் புத்தகங்கள் விழுந்தன. காலி டப்பா உருண்டது. கடைசியாக விழுந்தது ஒரு மஞ்சள் ஒட்டகச்சிவிங்கி.

"இது என்னம்மா?"

"இது எங்களோடது சார். எங்கண்ணன் வாங்கிக் குடுத்தது."

"ஓகோ! உங்கண்ணன் என் வீட்டுப் பலகைக்கு அளவெடுத்துட்டுப் போயா வாங்கினாரு? வாங்க, வச்சே பாத்துருவோம்!"

இருவரையும் அறைக்குள் நடத்திச் சென்றார். குளியலறையில் தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே மகளின் பாட்டு கேட்டது. நல்லவேளை, தோழியின் மானம் போவதைப் பாப்பா பார்க்க வேண்டாம் என்று ஃபோர்மேன் பெருந்தன்மையோடு எண்ணிக்கொண்டார்.

பொம்மையைத் தட்டில் நிறுத்தினார். கழுத்து பொருந்தியது. கால்கள் பொருந்தின. ஒடிந்துபோன கொம்புகூட, ஒடிந்த அளவுக்கே கோட்டுக்குள் அடங்கியது. நூலிழை பிசகில்லை! எந்த நீதிமன்றம் இதற்கு மேல் சாட்சி கேட்கும்?

அம்மாள் பொம்மையைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார். மறுபடியும் பொம்மையைப் பார்த்தார்.

"இப்ப என்ன சொல்ற? நாளைக்கு வேலைக்கு வர்ற எண்ணம் இருக்கா, இல்லையா?"

நிமிர்ந்திருந்த தலை அந்த ஒரு கேள்வியில் சாய்ந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மகளின் தோளைத் தொட்டார். "மன்னிப்புக் கேட்டுரு கண்ணு."

"அம்மா, அது நம்மளோ..."

"கேட்டுருன்னு சொல்றேன்ல!"

சிறுமி குளியலறைக் கதவைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தவள் உதட்டைக் கடித்து அதை உள்ளேயே நிறுத்திக்கொண்டாள். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னாள்: "மன்னிச்சிருங்க சார்."

'மாமா' என்று அழைத்துவந்த குழந்தை. அந்தச் 'சார்' ஃபோர்மேனின் நெஞ்சில் எங்கோ இடறியது. ஆயினும் மன்னிப்பது ஒரு மேடை; ஏறிவிட்டால் இறங்க மனம் வருவதில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சரி, சரி. சின்னப் பிள்ளை. இந்த ஒரு தடவை விட்டுடறேன். ஆனா ஏழையா இருக்கிறது குத்தமில்லம்மா, ஒழுங்கு இல்லாம இருக்கிறதுதான் குத்தம். பிள்ளைக்கு அதைச் சொல்லிக் குடு."

"சரிங்க சார்" என்றார் அம்மாள். சிதறிய புத்தகங்களைப் பொறுக்க அவர் கூடத்துக்குத் திரும்பியபோது குளியலறைக் கதவு திறந்தது.

ஈரத் தலையும் துண்டுமாய் ஓடிவந்த பாப்பா, தட்டில் நின்ற ஒட்டகச்சிவிங்கியைக் கண்டாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். கை தானாக வாயைப் பொத்திக்கொண்டது.

"ஐயோ, கண்டுபிடிச்சிட்டீங்களா? திட்டாதீங்கப்பா... நம்ம வீட்டுல அவ பொம்மைக்கு மட்டும் எடமே இல்லையேன்னு, நான்தான் கோடு போட்டேன்!"