தட்டு மாற்றும் முன்

"யாரும்மா நீ? எம் பொண்ணு நிச்சயத்துல மண்ணள்ளிப் போட வந்தியா?"

அம்சா போட்ட சத்தத்தில் அச்சரப்பாக்கத்து ஷாமியானாப் பந்தலே அடங்கிப்போனது. மேளக்காரர்கூடக் கையை எடுத்துவிட்டார்.

பந்தல் நடுவில் நின்றவள் ரெஜினா. பெண்களைக் கடத்தி விற்பதைத் தடுக்கிற தொண்டு நிறுவனத்தில் வேலை. கழுத்தில் நீல அடையாள அட்டை, கையில் ஒரு போட்டோ.

"அக்கா, தட்டு மாத்திடாதீங்க! இந்தாளு கிருபாகரன் கல்யாணத் தரகர் இல்ல. பொண்ணுங்கள வடக்க இட்டுனு போயி விக்கிற ஆளு!"

மாப்பிள்ளை பிரவின்குமார் தலையைக் குனிந்துகொண்டான். அவன் பக்கத்தில் பட்டு வேட்டியில் உட்கார்ந்திருந்த கிருபாகரன் சிரித்தான்.

"வரதட்சண வேணாம், செலவு நம்மளுது, நகையும் நாங்களே போடறோம்னு சொன்னேன் பாருங்க... நல்லது செய்றவனுக்கு இதான் மரியாத."

"இன்னாத்துக்கு ஓசியில கட்டிக்கிறாங்கன்னு கேளுங்கக்கா!" ரெஜினா போட்டோவை நீட்டினாள். "இது ஹரிப்ரியா. கடப்பாக்கத்துப் பொண்ணு. மகாபலிபுரம் பக்கம் ரிசார்ட்டுல வேல பாத்துகினு இருந்துச்சு. இதே ஆளு, இதே பேச்சு. கோயில்ல எவனுக்கோ கட்டிவெச்சு ரயிலேத்தி வுட்டதுதான். ரெண்டு வருஷமா ஒரு போன் இல்ல. அவ அம்மா கடக்கரையில பைத்தியமாட்டம் சுத்திகினு கீது."

"சுத்தட்டும்!" அம்சா போட்டோவைப் பிடுங்கினாள். "பொண்ணு எவன் பின்னால போவுதுன்னு பாக்கத் துப்பில்லாதவள்லாம் ஒரு அம்மாவா? அவள முதல்ல செருப்பால அடிக்கணும்! அடுத்தவன் கண்ணீர போட்டோ புடிச்சு டொனேஷன் வாங்கித் துன்ற கும்பல்தான நீங்க? ஒனக்கு எம் பொண்ணு நிச்சயந்தான் கெடச்சுதா?"

அவள் கன்னச் சதை துடித்தது. போட்டோவைக் கிழிக்கப் போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கிழிக்கவில்லை. "போலீசுல குடுக்கணும், இருக்கட்டும்" என்று கசங்காமல் ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, ரெஜினாவின் தோளைப் பிடித்து வாசல்வரை தள்ளிக்கொண்டு போனாள்.

"போடி வெளிய! இன்னொரு தபா வந்த, கால ஒடச்சுடுவேன்!"

"அப்படிச் சொல்லுங்கம்மா!" கிருபாகரன் மீசையைத் தடவினான். "நல்ல நேரம் போவுது. தட்ட எடுங்க."

அம்சா தட்டைத் தொடவில்லை.

"அண்ணாத்த, எனக்கு உங்க மேல சந்தேகமே இல்ல. ஆனா பங்காளிங்க காதுல வுழுந்துடுச்சே. சபையில வந்த பேச்சு சபையிலயே தீரணும். இல்லன்னா எங்க ஆளுங்க ஒருத்தரும் தட்டுல கை வெக்க மாட்டாங்க."

வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்திருந்த வெள்ளைச் சட்டைக்காரர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

"இது இன்னா பேஜாரு! அந்தப் பொண்ணு தானா வந்து தாலி கட்டிக்கினா. அவ அம்மா மூஞ்சியக்கூட நா பாத்ததில்ல. நா இன்னா பண்ணட்டும்?"

"அந்தப் பொண்ணுக்கே போனப் போடுங்க. வீடியோவுல வந்து நல்லா கீறேன்னு ஒரு வார்த்த சொல்லட்டும், போதும். எங்க அக்கா பொண்ணுங்க ரெண்டும் கல்யாணத்துக்கு நிக்குதுங்க. அண்ணாத்த தங்கமான ஆளுன்னு நானே பேசி முடிச்சு வுடறேன்."

மணப்பெண் கீர்த்தனாவின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்த பெண்களைக் கிருபாகரன் மேலிருந்து கீழே பார்த்தான். சந்தையில் மாட்டைப் பார்க்கிற பார்வை. செல்போனை எடுத்தான்.

மறுமுனையில் இருந்தவனை இந்தியில் ஏதோ அதட்டினான். கொஞ்ச நேரம் காரை பெயர்ந்த சுவர்தான் தெரிந்தது. பிறகு முக்காடு போட்ட ஒரு தலை.

"நல்லா கீறேன்." குனிந்தபடியே ஒப்பித்தது குரல். "வூட்டுக்காரரு நல்லா பாத்துக்கிறாரு. ஒரு கொறையும் இல்ல."

"கேட்டுக்கினீங்களா?" கிருபாகரன் போனைத் தூக்கிப் பந்தல் முழுக்கக் காட்டினான். "இப்ப எங்க போனா அந்த அட்டக்காரி?"

"இப்டி குடுங்க அண்ணாத்த. நானும் ஒரு வார்த்த கேட்டுடறேன்." அம்சா போனை வாங்கினாள். "தலய நிமித்து கண்ணு."

திரையில் முகம் நிமிர்ந்தது. முக்காடு நழுவியது. ஒப்பித்துக்கொண்டிருந்த உதடு அப்படியே கோணியது.

கிருபாகரனுக்கு ஏதோ உறைத்தது. போனைப் பிடுங்கப் பாய்ந்தான். அதற்குள் இரண்டு 'பங்காளிகள்' அவன் கைகளை முதுகுப் பக்கம் முறுக்கிவிட்டார்கள். "போலீஸ். அசையாத."

மணப்பெண் கீர்த்தனா மாலையைக் கழற்றி வீசிவிட்டு எழுந்து பிரவின்குமாரின் காலரைப் பிடித்தாள். அவள் பட்டுப் புடவை மடிப்பிலிருந்து வெளியே வந்து ஆடியது ஒரு நீல அடையாள அட்டை. வாசலில் இருந்து ரெஜினா, "சார், பொண்ணு லைன்ல கீது! நம்பர அந்த ஊரு ஸ்டேஷனுக்கு உடனே சொல்லுங்க!" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடி வந்தாள்.

அம்சாவுக்கு அது எதுவும் காதில் விழவில்லை. ரெண்டு வருஷமாகக் கடப்பாக்கம் கடற்கரையில் அவள் தேடித் திரிந்த குரல்தான் விழுந்தது.

"அம்மா... நீயாம்மா?"