கேட்டுவிட்டு வைத்த கை

படகு இடது பக்கம் சாய்ந்தது. அந்தப் பக்கம் திமிங்கிலமாம். மற்ற பயணிகள் ஓடினார்கள்.

அவள் மட்டும் வலது பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கேதான் மகனும் மருமகளும் நின்றார்கள்.

திமிங்கிலம் எங்கே போய்விடப் போகிறது.

துறையூரில், கொடியில் காயும் துணியைப் பார்த்தே எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவாள். மூன்றாம் வீட்டுப் பெண் புருஷனிடம் திரும்பிப் போகமாட்டாள் என்று முதலில் சொன்னவள் அவள்தான். சொன்னதோடு விட்டாளா, நாலு வீட்டுக்கும் நடந்து போய்ச் சொன்னாள்.

அப்பேர்ப்பட்ட கண்ணை அலாஸ்காவுக்குக் கூட்டிவந்து, சக்கரம் வைத்த வீட்டுக்குள் ஒரு வாரம் அடைத்தால்?

ஆர்வி என்று அதற்குப் பெயர். அடுப்பு, கட்டில், கக்கூஸ் எல்லாம் ஒரே வண்டிக்குள். ஒருவர் திரும்பினால் இன்னொருவர் ஒதுங்க வேண்டும்.

ஒதுங்கும்போதெல்லாம் மகன் சிபி பெண்டாட்டியிடம் "சாரி" என்றான்.

உப்பு டப்பாவை எடுத்துக் கொடுத்தால் நந்திதா அவனிடம் "தேங்க்ஸ்" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அடித்துக்கொண்ட ஜோடி. ஊருக்குப் போன் பேசும்போதே பின்னால் கத்தல் கேட்கும். அப்போதெல்லாம் மாமியார்க்காரி நிம்மதியாகத் தூங்கினாள்.

இந்த மரியாதைதான் அவளைத் தூங்கவிடவில்லை.

"என்ன ஒத்துமை பாத்தியா," என்றார் அவள் வீட்டுக்காரர், குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு.

மின்வாரியத்தில் ஊருக்கெல்லாம் பியூஸ் போட்டவர். சொந்த வீட்டில் போனது தெரியவில்லை.

படகு பனிமலைக்கு முன்னால் நின்றது. எஞ்சினை அணைத்தார்கள்.

நீலச் சுவரிலிருந்து ஒரு வீடு அளவுக்குப் பனி பெயர்ந்து கடலில் விழுந்தது.

சத்தம் அப்புறம்தான் வந்தது.

படகில் வேலை செய்யும் வெள்ளைக்காரப் பெண், குடும்பமாக நில்லுங்கள், போட்டோ எடுக்கிறேன் என்றாள். இன்னும் நெருக்கமாக, என்று கையால் காட்டினாள்.

சிபி கையைத் தூக்கினான். பாதியில் நிறுத்தினான். நந்திதாவின் காதருகே குனிந்தான்.

"வைக்கட்டுமா?"

பெண்டாட்டி தோளில் கை வைக்க உத்தரவு.

நந்திதா தலையாட்டினாள். கை இறங்கியது. தோளைத் தொடாமல், ஒரு விரற்கடை மேலேயே நின்றது.

எல்லோரும் சிரித்தார்கள். மாமியாரும்தான்.

பேசிவைத்திருக்கிறார்கள். அம்மா அப்பா விமானம் ஏறும்வரை இப்படியே ஓட்டுவது. அப்புறம் ஆளுக்கொரு வீடு.

வேறு யார் வீட்டிலாவது இதைக் கண்டுபிடித்திருந்தால் இந்நேரம் தெருவுக்கே தெரிந்திருக்கும்.

அவள் பக்கத்தில் நின்ற புருஷனிடம்கூடச் சொல்லவில்லை.

சாயங்காலம் வண்டிக்குத் திரும்பியதும் பெட்டியைத் திறந்தாள். ஊரிலிருந்து அரைத்துக்கொண்டு வந்த பருப்புப் பொடி. ஒரே பெரிய டப்பா.

"நந்திதா, காலி பாட்டில் ரெண்டு இருந்தா எடும்மா."

போன தடவை ஊருக்கு வந்தபோது, மாமியார் கையிலிருந்த காபியைப் பிடுங்கிக் குடித்துவிட்டு, "சர்க்கரை பத்தல" என்று தம்ளரைத் திருப்பித் தந்தவள் இந்த நந்திதா.

பாட்டில்களைத் துடைத்துக் கொண்டுவந்து வைத்தாள்.

இதில் ஒரு கரண்டி, அதில் ஒரு கரண்டி. ஒரு சிட்டிகைகூடச் சிந்தவில்லை. கடைசியில் ஒரு கரண்டி மிஞ்சியது. அதை மருமகளுடையதில் போட்டு, தட்டி, மூடினாள்.

ஒன்றைச் சிபியின் பையில் வைத்தாள். இன்னொன்றை நந்திதாவின் பையில்.

எதற்கு இரண்டு என்று மருமகள் கேட்கவில்லை.

"தேங்க்ஸ், அத்தை," என்றாள்.